எட்டாம் மாடியில் ஒரு கறிவேப்பிலைப் புழு

பெப்ரவரி மாதத்தில் எங்கள் யன்னலுக்கு வெளியே அசைவதற்கு எதுவும் இருப்பதில்லை. ஒஸ்லோவின் ஸ்டோவ்னரில் எட்டாம் மாடியிலிருந்து பார்த்தால் கீழே பனி மூடிய கார்கள், அவற்றுக்கு அப்பால் ஊசியிலை மரங்கள், அவற்றின் மேல் பாலில் தோய்த்த துணி போல வானம். ஒரு காகம் வந்து இருந்தால் அன்றைய செய்தி அதுதான். அப்படியான ஒரு மாதத்தின் முதல் சனிக்கிழமை, மத்தியானச் சமையலுக்குக் கறிவேப்பிலை கழுவிக்கொண்டிருந்தபோது, ஓர் இலையின் அடிப்பக்கத்தில் ஒட்டியிருந்த பறவை எச்சம் தலையைத் தூக்கியது.

அந்த இலை ரயில் நிலையத்துக்குப் பக்கத்துத் தமிழ்க் கடையில் முதல்நாள் வாங்கியது. வெயில் காயும் ஏதோ ஒரு தோட்டத்தில் பறிக்கப்பட்டு, விமானத்தின் வயிற்றுக்குள் கிடந்து, கடையின் குளிர்ப்பெட்டியில் விறைத்து வந்த இலை. அதில் ஒட்டிக்கொண்டு வந்த உயிர் எப்போதோ செத்திருக்க வேண்டும். ஆனால் குழாயின் இளஞ்சூட்டு நீர் பட்டதும் அது முன்பாதியை நிமிர்த்தி இடமும் வலமும் மெல்ல ஆட்டியது. தூக்கத்திலிருந்து எழுந்த ஒருவர், யாருடைய வீட்டில் இருக்கிறோம் என்று பார்ப்பது போல இருந்தது.

"இஞ்சேருங்கோ, ஒருக்கா வந்து இதைப் பாருங்கோ."

கணவர் அடுப்படியில் வெங்காயம் வதக்கிக்கொண்டிருந்தார். "விட்டிட்டு வரேலாது, கருகப்போகுது. சொல்லும்."

"புழு."

"குப்பைக்கை போடும்."

நான் அதை ஜாம் போத்தலுக்குள் போட்டேன். அடியில் சமையல்தாள், மேலே ஒரு கொத்து இலை, வாய்க்கு மெல்லிய துணி. ஏன் அப்படிச் செய்தேன் என்று பிறகு பலர் கேட்டார்கள். அந்த மாதத்தில் என் வீட்டுக்குள் தானாக நடந்து திரிய ஒன்று வந்திருந்தது, வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை. அடுத்தநாள் அதே பையின் மூலையில் இன்னொன்றும் கிடைத்தது. முதலாவதை விடச் சிறியது.

தேடி வாசித்தேன். கறிவேப்பிலை, எலுமிச்சை, ஆரஞ்சுத் தோடை மரங்களின் இலையைத் தின்று வளரும் வண்ணத்துப்பூச்சியின் புழு அது. சின்ன வயதில் பறவை எச்சம் போல வேடம் போட்டு, கடைசித் தோலில் இலைப் பச்சையாக மாறும். கூடாகி, பிறகு கறுப்பில் வெளிர்மஞ்சள் புள்ளிகள் தெளித்த சிறகுகளோடு வெளியே வரும். தமிழ்நாட்டில் அதற்கு எலுமிச்சை அழகி என்று பெயர் வைத்திருக்கிறார்கள். சாப்பாட்டு மேசையில் அதை வாசித்துக் காட்டினேன். கணவர் போத்தலைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இதுவோ அழகி? காகம் இருந்திட்டுப் போன மாதிரிக் கிடக்கு."

அந்த வாரம் முழுதும் அழகிகள் இருவரும் அந்தப் பையின் மிச்ச இலைகளைத் தின்றார்கள். வேலை முடிந்து வந்து மேலங்கியைக் கழற்ற முன் போத்தலைப் பார்ப்பது எனக்கு வழக்கமாகிவிட்டது. நான் லில்லஸ்ட்ரோமில் ஒரு பல் மருத்துவ நிலையத்தில் வரவேற்பில் இருப்பவள். பகல் முழுவதும் வாயைத் திறக்கப் பயப்படும் மனிதர்களைப் பார்த்துவிட்டு, மாலையில் இந்த இரண்டு வாய்களைப் பார்ப்பது ஆறுதலாக இருந்தது. இலையின் ஓரத்தை முன்கால்களால் பிடித்துக்கொண்டு, மேலிருந்து கீழே, மேலிருந்து கீழே என்று பிறைவடிவில் வெட்டித் தின்னும். தூரிகையால் லேசாகத் தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து இரண்டு செம்மஞ்சள் கொம்புகள் எட்டிப் பார்க்கும், தோடம்பழத் தோலைக் கசக்கியது போல மணக்கும். பயமுறுத்துகிறதாம். எனக்கோ அந்த மணம் பிடித்துப்போய்விட்டது.

பை முடிந்ததும் அதே கடையில் புதுப் பை வாங்கினேன். இலை பளபளவென்று முதல் பையை விட நன்றாக இருந்தது. வெள்ளிக்கிழமை காலை போட்டேன். மாலையில் சிறியது போத்தலின் அடியில் சுருண்டு கிடந்தது. வாயிலிருந்து பச்சை நீர் வடிந்து தாளில் காய்ந்திருந்தது. பெரியது இலைக்கொத்தின் நுனியில் அசையாமல் இருந்தது. அதுவும் போய்விட்டது என்று நினைத்தேன். போகவில்லை, தோல் கழற்றுவதற்கு முன் ஒரு நாள் அவை எதுவும் தின்னாமல் அப்படித்தான் இருக்கும். விரதம் இருந்த நாளில் விஷம் வந்ததால் அது தப்பியது.

"மருந்தடிச்ச இலை," என்றேன். "முதல் பை வேறை எங்கையோ இருந்து வந்திருக்கு. இது நல்லா மருந்தடிச்சது."

கணவர் செத்துக் கிடந்ததைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "நாங்கள் இதைத்தானேயப்பா கறிக்குப் போடுறம்."

பிறகு எங்கள் இருவர் கண்களும் ஒரே பக்கம் போயின. வரவேற்பறையின் தெற்கு யன்னலோரம், ஊதா வெளிச்சம் தரும் விளக்கின் கீழ், அவருடைய மரம் நின்றது. மருந்து என்றால் என்ன என்று அறியாத மரம்.

"என்ரை மரத்தைப் பாராதையும்," என்றார்.

அவர் அப்படிச் சொன்னதற்குக் காரணம் இருந்தது. ஒஸ்லோவில் எங்கள் ஆட்களின் வீட்டில் கறிவேப்பிலை மரம் என்றால் அது யன்னலோரத்துச் சாடியில் இடுப்பளவு நிற்கும் ஒன்று. அதைச் சுற்றி, எங்கும் எழுதி வைக்காத ஒரு வழக்கம் இருக்கிறது. உயிர்ப்பு ஞாயிறு முடிந்து வெளிச்சம் வந்த பிறகு யாரும் யாரிடமும் இலை கேட்கலாம். கேட்டவருக்கு இல்லையென்று சொல்வது அழகில்லை. நவம்பர் தொடக்கத்தில் வரும் சகல ஆன்மாக்கள் நாளோடு மரம் மூடப்பட்டுவிடும். சைவக்காரர் கார்த்திகை விளக்கீட்டிலிருந்து சித்திரை வருடப்பிறப்பு வரை என்று கணக்கு வைத்திருக்கிறார்கள். நாள்தான் வேறு, வழக்கம் ஒன்று. இருட்டு மாதங்களில் யாரும் அடுத்தவர் மரத்தில் கை வைப்பதில்லை, தன் மரத்திலும் பறிப்பதில்லை. புது இலை விட வெளிச்சம் போதாத காலத்தில் உள்ள இலையையும் பறித்தால், விட்ட தண்ணீரைக் குடிக்க இலையில்லாமல் வேர் அழுகிவிடும். எங்கள் முதல் மரம் அப்படித்தான் போனது. ஒரு டிசெம்பர், நத்தார் விருந்துக்கு மணமாக இருக்கட்டும் என்று பறித்தோம், அது பிறகு துளிர்க்கவே இல்லை. இப்போது நிற்பதை மகள் பள்ளிக்கூடம் தொடங்கிய ஆண்டு ஈரத்துணியில் சுற்றிய விரலளவு கன்றாகக் கொண்டுவந்தார். பேருந்து ஓட்டிவிட்டு வந்து அவர் முதலில் பார்ப்பது அதைத்தான், என்னையல்ல. ஜூனில் பல்கனிக்குக் கொண்டுபோவார், செப்டெம்பரில் உள்ளே எடுப்பார். மூன்று வீடுகளில் அதன் பிள்ளைகள் நிற்கின்றன.

"உம்மடை புழுவுக்காக என்ரை மரத்தை மொட்டையடிக்கேலாது," என்றார். "அது செத்தா உமக்கு ரெண்டு நாள் கவலை. இது செத்தா எனக்கு என்ன கிடக்கு?"

நியாயமான பேச்சுத்தான். அதனால் நான் தொலைபேசியை எடுத்தேன்.

முதலில் பக்கத்து ரொம்மனில் இருக்கும் அக்காவுக்கு எடுத்தேன். எங்கள் கத்தோலிக்கக் கோயிலில் எல்லாக் காரியத்திலும் முன்னுக்கு நிற்பவர், எனக்கு மூத்த சகோதரி போல.

"அக்கா, உங்கடை மரத்திலை ஒரு கொத்து இலை தருவியளோ?"

பெப்ரவரியில் இப்படி ஒரு கேள்வியை அவர் எதிர்பார்க்கவில்லை. "ஆருக்கும் சுகமில்லையோ? பத்தியக் கறிக்கோ?"

"இல்லையக்கா. புழுவுக்கு."

"என்ன?"

"ஒரு புழு வளர்க்கிறன். அதுக்குச் சாப்பாடு இல்லை."

"தவக்காலம் தொடங்கவே இல்லை, அதுக்கிடையிலை உனக்கு மூளை கலங்கிப்போச்சுது," என்றார். ஆனாலும் வழக்கத்தை மீறி எழுந்து போய்த் தன் மரத்தைப் பார்த்தார் என்பது காலடிச் சத்தத்தில் தெரிந்தது. "இஞ்சை சிலந்திப்பூச்சி பிடிச்சு, போன கிழமைதான் சவர்க்காரத் தண்ணி அடிச்சனான். உன்ரை பிள்ளைக்கு ஒத்துக்கொள்ளுமோ?"

ஒத்துக்கொள்ளாது. எலுமிச்சைக் கன்றுகள் விற்கும் கடையிலும் விசாரித்தேன். எல்லாம் மருந்து குடித்து வளர்ந்தவை. கடைசியில், ஸ்ட்ரோம்மனில் இருக்கும் ஒரு பெண் நினைவுக்கு வந்தாள். தமிழ்நாட்டிலிருந்து கணினி வேலைக்கு வந்தவள், எங்கள் நிலையத்தில் பல் கட்ட வந்து பழக்கமானவள். வேலை முடிந்து வரும் வழியில் இறங்கினேன். அவளுடைய மரம் தேநீர்க் குவளைக்குள் நின்றது.

"அக்கா, சீரியஸாவா சொல்றீங்க? புழுவுக்கா?" சிரித்தாள். "ரெண்டே கொத்துதான் இருக்கு. ஒண்ணு எடுத்துக்கோங்க. பட்டாம்பூச்சி வந்ததும் எனக்கு ஃபோட்டோ அனுப்பணும். ஆமா, வீட்ல சாருக்குக் கோபம் வராதா?"

"அவரைச் சார் எண்டு சொன்னீரெண்டா இன்னும் கோபம் வரும்."

வெளியே குளிர் கடுமையாக இருந்தது. கறிவேப்பிலையில் உறைபனி பட்டால் கறுத்துவிடும். கொத்தைத் தாளில் சுற்றி, மேலங்கிக்குள், சட்டையோடு ஒட்ட வைத்துக்கொண்டு வந்தேன். பேருந்தின் சூட்டில் அது மணக்கத் தொடங்கியது. பக்கத்து இருக்கையில் இருந்த வயதான நோர்வீஜியர் இரண்டு தரம் என் பக்கம் திரும்பிப் பார்த்தார். நான் பனியை வேடிக்கை பார்ப்பவள் போல இருந்தேன்.

அந்தக் கொத்து ஓர் இரவுக்கே போதவில்லை. புழு இப்போது வேடத்தைக் கழற்றிவிட்டு, என் சின்னி விரல் நீளத்துக்கு, பச்சைப் பட்டு போல இருந்தது. காலையில் போத்தலின் வாயைச் சுற்றிச் சுற்றி நடந்தது. ஒவ்வோரடிக்கும் நின்று, தலையை உயர்த்தி வெறுங்காற்றைத் துழாவியது. நான் வேலைக்குப் போக வேண்டும். அவருக்கு அன்று பின்னேர வேலை, வீட்டில் இருந்தார். போத்தலை அவர் முன்னால் மேசையில் வைத்துவிட்டு, சப்பாத்தை மாட்டிக்கொண்டு இறங்கினேன்.

மாலையில் வந்தபோது போத்தல் கழுவிக் கவிழ்க்கப்பட்டிருந்தது. குப்பைவாளியைத் திறந்து பார்த்தேன். பிறகுதான் மரத்தைப் பார்த்தேன். கீழ்க் கொப்பில், ஊதா வெளிச்சத்தில், அழகி இருந்து தின்றுகொண்டிருந்தாள். அந்தக் கொப்பு பிரியும் இடத்தில் ஒரு வெள்ளைத் தையல் நூல் கட்டியிருந்தது.

இரவு அவர் வந்ததும் நூலைக் காட்டினேன். "இது என்ன?"

"எல்லை," என்றார் தொப்பியைக் கழற்றிக்கொண்டே. "இந்தக் கொப்பு மட்டும்தான் எண்டு சொல்லியிருக்கிறன். காலமை முழுக்கப் பசியிலை சுத்துது. எனக்குப் பேப்பர் வாசிக்கேலாமல் போச்சு."

"விளங்கிச்சாமோ அவவுக்கு?"

"தலையாட்டினவ."

எல்லை மறுநாளே கடக்கப்பட்டது. அதன் பிறகு வந்த நாட்களை நினைத்தால், ஒரே நீண்ட மாலை போலத்தான் தோன்றுகிறது. வெளியே பனி விழும். உள்ளே தொலைக்காட்சியை அணைத்துவிட்டு, ஆளுக்கொரு கதிரையில் மரத்துக்கு முன்னால் இருப்போம். மிகவும் அமைதியாக இருந்தால் தின்னும் சத்தம் கேட்கும். தூரத்தில் யாரோ தாளைக் கிழிப்பது போல, அதையும் விட மெல்லியதாக. ஊதா வெளிச்சத்தில் இலைகள் கறுப்பாகவும் புழு வெளிறிய வெள்ளியாகவும் தெரியும். நேரம் என்ன என்று தெரியாமல் இருக்கும். ஒருமுறை, சத்தம் நின்றபோதுதான் இருவரும் தூங்கிப்போயிருந்தோம் என்று அறிந்தோம். ஒவ்வொரு நாளும் மரத்துக்குள்ளால் யன்னல் இன்னும் கொஞ்சம் தெரிந்தது. இலைகள் போய், இலைக்காம்புகள் போய், நுனித் தளிரும் போனது. அவர் சாடியின் மண்ணை விரலால் தொட்டுப் பார்ப்பார். தண்ணீர் விடுவதை நிறுத்திவிட்டார். குடிக்க இலை இல்லாத மரத்துக்குத் தண்ணீர்தான் நஞ்சு. படுக்கப்போகும் முன் மரத்தின் அடியை ஒருமுறை பிடித்துப் பார்த்துவிட்டுத்தான் போவார், கை நாடி பார்ப்பது போல.

கடைசி இலையும் முடிந்த வெள்ளிக்கிழமை புழு தின்பதை விட்டது. தண்டு வழியாக இறங்கி, சாடியின் விளிம்பில் நின்றதை நான் கண்டேன். தேநீர் போட்டுக்கொண்டு வந்து பார்த்தபோது இல்லை.

கூடாக இடம் தேடி அவை வெகுதூரம் நடக்கும் என்று வாசித்திருந்தேன். எங்கள் வீட்டுக்குள் வெகுதூரம் என்றால் எது என்று யோசிக்கவில்லை. வார இறுதிக்கு வந்த மகள் கதவைத் திறந்ததும், "நில், அசையாதை!" என்று இருவரும் கத்தினோம்.

"ஹெர்ரகூட்! என்ன நடந்தது?" கடவுளைக் கூப்பிடவும் அவளுக்கு நோர்வீஜிய மொழிதான் வரும்.

"அழகியைக் காணேல்லை. காலுக்குக் கீழை பார்."

மகள் தாதியாகப் படிப்பவள், பதற்றப்படுவதில்லை. கைத்தொலைபேசி விளக்கைப் போட்டுக்கொண்டு சோபாவுக்குக் கீழே முழங்காலில் போனாள். "அம்மா, நோர்மலான ஆக்கள் பூனை வளர்ப்பினம், தெரியுமோ?" திரைச்சீலை மடிப்பு, புத்தகத் தட்டு, கதிரைகளின் அடி எல்லாம் பார்த்தோம். தூசி உறிஞ்சியைத் தொடத் தடை விதித்தேன். சனிக்கிழமையும் கிடைக்கவில்லை. "எங்கையோ ஒளிச்சுக் கூடாகியிருக்கும், வெளியிலை வந்தாப் பிறகு பாப்பம்," என்றாள் மகள். அதுவும் சரிதான் என்று ஞாயிறு பூசைக்குப் போய் வந்தோம்.

திரும்பி வந்து வரவேற்பறை விளக்கைப் போட்டபோது, இயேசுவின் படத்துக்குக் கீழே சுவரில் ஒரு பச்சைக் கறையைக் கண்டேன். விரலால் தொட்டேன். காய்ந்திருந்தது. கூடாவதற்கு முன் அவை வயிற்றில் உள்ளதையெல்லாம் வெளியேற்றும். கறையிலிருந்து மேலே பார்த்தேன். படத்துக்குப் பின்னால் ஒரு வருடமாகச் செருகியிருந்த குருத்தோலைச் சிலுவையைக் காணவில்லை.

"இதிலை இருந்த குருத்தோலை எங்கை?"

"கோயிலிலை குடுத்தாச்சு," என்றார் அவர், சப்பாத்தைக் கழற்றிக்கொண்டு. "வாற புதன் விபூதிப் புதனெல்லே. எரிக்கச் சேர்க்கினம்."

பிறகு அவரும் கறையைப் பார்த்தார். கழற்றிய சப்பாத்தை மறுபடி மாட்டினார்.

வெளியாட்கள் யாராவது வாசித்தால் விளங்க வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன். குருத்து ஞாயிறன்று ஆசீர்வதித்த ஓலையை நாங்கள் சிலுவையாக மடித்து வீட்டில் வைத்திருப்போம். அதைக் குப்பையில் போடக் கூடாது. அடுத்த ஆண்டு விபூதிப் புதனுக்கு முன் கோயிலில் சேர்த்து எரித்து, அந்தச் சாம்பலைத்தான் எல்லார் நெற்றியிலும் பூசுவார்கள். எங்கள் கோயிலில் ஓலை சேர்த்து எரிக்கும் பொறுப்பு ரொம்மன் அக்காவினுடையது.

தொலைபேசியில் கேட்டபோது, "ஓம், எல்லாம் என்னட்டைத்தான் கிடக்கு," என்றார். "நனைஞ்ச ஓலை புகைக்கும். அதுதான் குளியலறை நிலத்திலை பரப்பிக் காயப் போட்டிருக்கிறன். சூட்டையும் கூட்டி விட்டிருக்கிறன். பின்னேரம் எரிக்கவேணும்."

"அக்கா, எரிச்சுப்போடாதேங்கோ. நாங்கள் வாறம்."

ரொம்மனுக்கு எங்கள் வீட்டிலிருந்து சில நிமிடம்தான். மகளும் எங்களோடு காரில் ஏறினாள். சிவப்பு விளக்கொன்றில் நின்றபோது அவர், "மரமும் போய், இதுவும் போனா..." என்று தொடங்கி நிறுத்திக்கொண்டார்.

அக்காவின் குளியலறை நிலம் முழுவதும் காய்ந்த சிலுவைகள். நிலத்துக்கு அடியில் சூட்டுக் கம்பி ஓடுவதால் வெறுங்காலுக்குக் கதகதவென்று இருந்தது. நால்வரும் குந்தியிருந்து ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தோம். எல்லாச் சிலுவையும் ஒரே மண்ணிறம், கூடும் அதே நிறமாகத்தான் மாறியிருக்கும். இருக்கும் இடத்தின் நிறத்தைப் பார்த்துத் தன் நிறத்தை எடுக்கும் சாதி அது.

"உங்கடை எது எண்டு தெரியாதோ உங்களுக்கு?" என்று அக்கா அதட்டினார்.

"போன வருசம் மகள் மடிச்சது. கோணலா இருக்கும்," என்றார் கணவர்.

"டக், நன்றி அப்பா," என்றாள் மகள்.

"எல்லாம் கோணலாத்தான் கிடக்கு," என்று அக்கா ஒன்றைத் தூக்கினார். தூக்கியவர், "யேசுவே!" என்று அலறி அதை என் மடியில் எறிந்தார். "துடிக்குது! ஓலை துடிக்குது!"

சிலுவையின் குறுக்குத் தண்டுக்குக் கீழே, இடுப்பில் ஒரு பட்டு நூலை வாராகக் கட்டிக்கொண்டு, காய்ந்த ஓலைத் துண்டு போல அது ஒட்டியிருந்தது. மறுபடி ஒருமுறை இடமும் வலமும் நெளிந்துவிட்டு அசையாமல் போனது.

"உயிரிருக்கு," என்றார் கணவர். என் பக்கம் திரும்பவில்லை. கழுத்துத் துண்டை அவிழ்த்து, சிலுவையை அதில் சுற்றினார்.

அக்காவுக்கு மூச்சு வந்ததும் நியாயம் வந்தது. "ஆசீர்வதிச்ச ஓலையெல்லே. எரிக்காமல் கொண்டுபோனா என்னெண்டு? பங்குச் சுவாமி கேட்டா நான் என்ன சொல்லுறது?"

"ஆள் இருக்கெண்டு சொல்லுங்கோ," என்றார் கணவர்.

புதன்கிழமை நெற்றியில் சாம்பலோடு வீட்டுக்கு வந்தோம். சிலுவை மறுபடி படத்துக்குப் பின்னால் இருந்தது. குளியலறைச் சூடு உள்ளே இருந்ததை வேகவைத்துவிட்டதா என்று அறிய எந்த வழியும் இல்லை. வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் இல்லை. கூட்டின் உள்ளே புழு முழுவதும் கரைந்து குழம்பாகி, அந்தக் குழம்பிலிருந்து இன்னொரு உடல் கூடுகிறது என்று வாசித்திருக்கிறேன். கரைந்த நிலையில் அது எதை நினைத்துக்கொண்டிருக்கும் என்று யோசித்தபடி தவக்காலத்தின் தொடக்கத்தைக் கழித்தேன். பஸ்ஸிலும், நிலையத்தில் தொலைபேசி மணிக்கு இடையிலும், கண்ணை மூடினால் அந்த மண்ணிற இருட்டு வரும். மொட்டை மரம் அந்தப் பக்கம், அசையாத கூடு இந்தப் பக்கம். நடுவில் நாங்கள் இருவரும் சோறு சாப்பிட்டோம். ஒருநாள் அவர் மரத்தின் பட்டையை நகத்தால் மெல்லச் சுரண்டினார். உள்ளே பச்சை தெரிந்தது. "இன்னும் இருக்கு," என்றார்.

மார்ச் நடுப்பகுதியில் ஒரு செவ்வாய்க்கிழமை இரவு கூடு கறுத்திருந்தது. செத்துப்போனதும் கறுக்கும், வெளிவர இருப்பதும் கறுக்கும். எது என்று தெரியாமல் மறுநாள் வேலைக்குப் போனேன். பத்து மணியளவில் அவர் தொலைபேசி எடுத்தார். வேலை நேரத்தில் எடுப்பவரல்லர்.

"இஞ்சேரும். வேலையோ?"

"ஓம், முன்னாலை ஆக்கள் நிக்கினம். சொல்லுங்கோ."

"அவ வந்திட்டா."

"ஆர்?"

"ஆரெண்டு கேக்கிறீர்? சிறகு முதல் நனைஞ்ச துணி மாதிரிக் கிடந்தது. நான் தேத்தண்ணியும் குடிக்கேல்லை, பார்த்துக்கொண்டு நிக்கிறன். இப்ப நல்லா விரிஞ்சிட்டுது. மஞ்சள் புள்ளி. கீழை ஒரு சிவப்பும் கிடக்கு." பிறகு, "நீர் வாசிச்சது சரிதான், வடிவுதான்," என்றார்.

எனக்கு முன்னால் கன்னம் வீங்கிய ஓர் இளைஞன் நின்றான். நான் அவனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே இருந்திருக்கிறேன். அவன் சங்கடப்பட்டு இருக்கைக்குப் போய்விட்டான்.

சனிக்கிழமை பனி பெய்தது. காற்றில்லாமல், பெரிய பெரிய இதழ்களாக, நேராக. மத்தியான வெளிச்சம் பனியில் பட்டுத் தெறித்து எங்கள் கூரையின் உட்பக்கம்வரை வந்தது. அந்த வெளிச்சத்தில் அவள் பறந்தாள். விளக்கிலிருந்து திரைச்சீலைக்கு, திரைச்சீலையிலிருந்து புத்தகத் தட்டுக்கு, அங்கிருந்து கண்ணாடிக்கு. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வெள்ளை இதழ்கள் கீழே போய்க்கொண்டிருந்தன, இந்தப் பக்கம் கறுப்பும் மஞ்சளுமான ஒன்று மேலே போய்க்கொண்டிருந்தது. நான் சோபாவில் படுத்திருந்தேன். சில கணங்களுக்கு, நின்றிருப்பது பனி என்றும் ஏறிக்கொண்டிருப்பது எங்கள் வீடு என்றும் தோன்றியது. மகள் வெட்டிவைத்த தோடம்பழத் துண்டில் வந்து இறங்கி, சுருட்டி வைத்திருந்த நாக்கை நீட்டிக் குடித்தாள்.

"பாவம், வெளியிலை போகேலாது," என்றாள் மகள். "கோடை வந்தாலும் விடக்கூடாதோ?"

"விடேலாது. இந்த நாட்டுக்கு உரியதில்லை," என்றேன்.

"வீசா இல்லை அவவுக்கு," என்றார் அவர் பத்திரிகைக்குப் பின்னாலிருந்து. "நெற்றியிலை பூச இருந்த சாம்பலிலை தப்பின ஆள். இஞ்சையே இருக்கட்டும்."

ஸ்ட்ரோம்மன் பெண்ணுக்குப் படம் அனுப்பினேன். ரொம்மன் அக்கா நேரில் வந்து பார்த்தார், வாசலில் நின்றே.

அடுத்த வாரக் கடைசியில், மரத்தின் நுனிக்குக் கீழே ஒரு முளை தெரிந்தது. அரிசி மணியளவு, செம்பு நிறம். அவர் என்னைக் கூப்பிட்டுக் காட்டவில்லை. மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு சாடிக்கு முன்னால் குந்தியிருந்ததைக் கண்டு நானாகத்தான் போனேன். நாட்கள் போகப் போக முளை விரிந்து இரண்டு சின்ன இலையாயிற்று. அன்று முதல் தடவையாகத் தண்ணீர் விட்டார், ஒரு கரண்டி. பிறகு, அறைக்குள் எவ்வளவோ இடமிருக்க, அவள் வந்து அந்த இரண்டு இலையில் இறங்கினாள். சிறகுகளின் ஓரம் அப்போது கிழிந்து கிழிந்து இருந்தது. வயிற்றை வளைத்து, இலையின் விளிம்பைத் தொட்டாள். போன பிறகு பார்த்தால் அங்கே வெளிர்மஞ்சளாக, குண்டூசித் தலையளவு ஒரு முட்டை.

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "மறுபடியும் தொடங்கப்போகுதோ?"

"இல்லை. சோடியில்லாமல் போட்டது. பொரிக்காது."

"அது அவவுக்குத் தெரியாதே?"

"தெரியாது."

அவர் எப்போதும் புதுத் தளிரின் நுனியைக் கிள்ளிவிடுவார். கிள்ளினால்தான் பக்கக் கொப்புகள் விட்டு மரம் அடர்த்தியாக வரும். அன்று விரலை நுனிவரை கொண்டுபோனார். முட்டை இருந்த இலையைப் பார்த்தார். கையை எடுத்துக்கொண்டார். அடுத்த சில நாட்களில் அவள் இறந்து யன்னலோரம் கிடந்தாள். முட்டை சுருங்கி விழுவதற்குள் தளிர் முற்றிவிட்டது, பிறகு கிள்ளவில்லை. அந்த வருடம் மரம் ஒற்றைக் கொப்பாக, யன்னல் பக்கம் சாய்ந்து, நெட்டையாக வளர்ந்தது. கோடையில் இலை கேட்டு வந்தவர்கள் அதைப் பார்த்துவிட்டு, இம்முறை ஏன் இப்படி விட்டிருக்கிறீர்கள் என்று கேட்டார்கள். அவர் ஆளுக்கு ஒரு காம்பு இலை மட்டும் கொடுத்து அனுப்பினார்.